கீரையும் மாத்திரையும்

மரகதத்தின் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருந்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவள் குடியிருந்த சந்துக்கே அது தெரியும். தெரியும் என்பதைவிடக் கேட்கும் என்று சொல்வதுதான் சரி. வண்டிச் சத்தம் ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். சந்துப் பிள்ளைகள் அவளுக்கு டிக்டிக் ஆன்ட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் தருமபுரியில் வந்த மூட்டுக் காய்ச்சல், போகிற போக்கில் இதயத்தின் கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகு, தண்ணீர்க் குடத்தோடு நாலு படி ஏற முடியாமல் அவள் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அரசாங்க இதய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, பழைய கதவைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள்.

மாட்டிவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையைக் கொடுத்து, உயிர் உள்ளவரை இதை நிறுத்தாதே என்றார்கள். கீரையை ஒதுக்கிவிடு, அது மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்றார்கள். பிள்ளை மட்டும் வேண்டாம் என்றும் சொன்னார்கள். மாத்திரையையும் கீரையையும் பற்றிச் சொன்னதை மரகதம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். கடைசியாகச் சொன்னது மட்டும் அவள் காதில் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எத்தனையோ சொல்வார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாழ முடியுமா?

அப்படித்தான் இரண்டாயிரமாம் வருடம் ஆடி மாதத்தில் அவள் அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வர்ணாவின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன் பழனிச்சாமி. ஓக்கலிபுரத்தில் லேத் பட்டறையில் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் கருப்பு போகாத கை அவனுக்கு. அந்தக் கையை மடியில் ஒளித்து வைத்திருந்தான்.

“எத்தனை மாசம்?” என்று கேட்டார் ஸ்வர்ணா. மல்லேஸ்வரத்தில் வழிவழியாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் கன்னடத்தின் இழுப்பு கொஞ்சம் இருக்கும்.

“ரெண்டு முடியப் போகுதுங்க மேடம்.”

“ஏன் முன்னாடியே வரலை?”

முன்னாடியே வந்திருந்தால் முன்னாடியே கலைத்திருப்பீர்கள் என்று ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மரகதம் புடவை முந்தானையைத் திருகினாள்.

ஸ்வர்ணா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். “வைட்டமின் கே-ன்னு ஒண்ணு இருக்கு. ரத்தம் உறையறதுக்கு அது வேணும். உங்க மாத்திரை அதை வேலை செய்ய விடாம தடுக்குது. தடுத்தாத்தான் வால்வுல ரத்தம் கட்டாது. ஆனா அதே வைட்டமின் உங்க வயித்துல இருக்கற குழந்தைக்கும் வேணும், எலும்புக்கு.”

“எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துதானே மேடம் வேணும்?” என்றான் பழனிச்சாமி.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வெறும் சுண்ணாம்பு எலும்பாகாது. முதல்ல புரதத்தால ஒரு நெசவு மாதிரி உருவாகும். அதுமேலதான் சுண்ணாம்பு படியணும். எங்க படியலாம், எங்க படியக் கூடாதுன்னு பார்த்துக்க அந்த நெசவுக்குள்ளேயே தனியா ஒரு புரதம் இருக்கு. வாட்ச்மேன்னு வச்சுக்கோங்க. அந்த வாட்ச்மேன் வேலை பார்க்கணும்னா வைட்டமின் கே வேணும். இல்லைன்னா ஆள் இருப்பான், கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருப்பான். அப்போ குருத்தெலும்புல கண்ட இடத்துலயும் சுண்ணாம்பு புள்ளிபுள்ளியா விழும். முதுகுல, குதிகால்ல எல்லாம். மூக்கு எழும்பாம அமுங்கியே போயிடும். எலியை வச்சுச் சோதனை பண்ணியிருக்காங்க. அந்தப் புரதமே இல்லாத எலிக்கு ரத்தக் குழாயெல்லாம் கல்லாயிடுச்சு.”

மரகதம் எலியைப் பற்றிக் கேட்கவில்லை. மூக்கு என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது. “எல்லாப் புள்ளைக்குமா மேடம் அப்படி ஆவுது?”

“இல்லை. பல குழந்தைங்க நல்லாவே பொறக்குது. எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரை அதிகமானா ஆபத்தும் அதிகம். உங்களுக்குக் கம்மியாத்தான் ஓடுது, நாலு மில்லிகிராம். அஞ்சைத் தாண்டினாத்தான் எனக்குப் பயம். எலும்பும் மூக்கும் உருவாகறது இந்த ஒரு மாசம்தான்.”

“மாத்திரைக்குப் பதிலா வேற எதுவும் இல்லீங்களா?”

“ஊசி இருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அதை நம்பி இருந்த ரெண்டு பேருக்குப் போன வருஷம் வால்வுல ரத்தம் கட்டி அடைச்சுக்கிச்சு. ஒருத்தி போயிட்டா. என்னால உங்களுக்கு அதைத் தர முடியாது.” ஸ்வர்ணா கண்ணாடியைக் கழற்றினார். “நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கலைச்சிடுங்க.”

“கலைச்சிடலாம் மேடம்,” என்றான் பழனிச்சாமி, அவர் வாய் மூடுவதற்குள்.

அந்த வேகம் மரகதத்தைச் சுட்டது. ஒரு நிமிடம் யோசித்தாவது சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன். “முடியாது,” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “மாத்திரையை நிறுத்த மாட்டேன் மேடம், சத்தியம். ஆனா கலைக்க மாட்டேன்.”

பேசிப் பார்த்தார்கள். பழனிச்சாமி கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் அழுதான். அவள் அசையவில்லை. வாரம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார் ஸ்வர்ணா. கதவருகில் போனபோது, “கீரை ஒதுக்கறீங்கதானே? கீரையிலதான் அந்த வைட்டமின் கொட்டிக் கிடக்கு” என்று இன்னொரு தடவை நினைவுபடுத்தினார். வால்வு வைத்த எல்லாரிடமும் வழக்கமாகச் சொல்வதுதான். அன்றைக்கு அதை மரகதம் வேறு மாதிரிக் கேட்டாள்.

பஸ்ஸில் பழனிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தான். இப்போது மந்திரி மால் என்ற பெரிய கடைவளாகம் நிற்கிற இடத்தில் அப்போது பழைய துணி மில்தான், அதன் நீண்ட மதில் கூடவே வந்துகொண்டிருந்தது. இறங்கும்போது, “எனக்கு நீ வேணும். வேற ஒண்ணும் வேணாம்” என்றான். “நான் எங்க போயிட்டேன்? தினமும் சாயங்காலம் உங்க கண்ணு முன்னாடியே மாத்திரையைப் போட்டுக்கறேன், போதுமா?” என்றாள் அவள். அவன் முன்னால் நடந்தான்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அவன் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டித் தண்ணீர் குடிப்பாள். தன் உயிருக்கு அது போதும். பிள்ளைக்கு?

பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் டாக்டரே சொல்லிவிட்டாரே! அது எங்கே கொட்டிக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். மாத்திரை தனக்கு, கீரை பிள்ளைக்கு என்று மரகதம் மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டாள். ஒரே ரத்தம்தான் இரண்டு பேருக்கும் ஓடுகிறது, பங்கு பிரிக்க அது பாகப்பிரிவினைச் சொத்தில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் ஒரு மாசம்தானே என்று தோன்றியது. ஒரே ஒரு மாசம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தால் போதும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கீரையைக் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேன் என்று தன் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்த அந்த உலோகத்திடமே வேண்டிக்கொண்டாள்.

வீட்டில் ஆக்க முடியாது. முருங்கைக்கீரை வதங்கும் வாசனை இரண்டு வீடு தள்ளிப் போகும். அவள் வேலை பார்த்த கார்மென்ட்ஸில், சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிற மேசையில், பக்கத்து இருக்கை சந்திரம்மாவுடையது. சந்திரம்மா வீட்டுப் பின்னால் முருங்கை மரம் உண்டு. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தபோது, “அக்கா, வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. முருங்கைக்கீரை மேலதான் ஆசையா இருக்கு” என்றாள் மரகதம்.

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லும் பெண்பிள்ளை தமிழிலும் கிடையாது, கன்னடத்திலும் கிடையாது. அது ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதுமில்லை. “அய்யோ மரகதா, பசுரி, புள்ளத்தாச்சி கேட்டுக் குடுக்கலைன்னா எனக்குத்தான் பாவம்! நுக்கே சொப்பு, தினா தினா கொண்டு வரேன்” என்றாள் சந்திரம்மா, முருங்கைக்கீரையைக் கன்னடத்தில் சொல்லி. மறுநாளிலிருந்து பூண்டும் வரமிளகாயும் தட்டிப் போட்ட கீரை ஒரு டப்பா நிறைய வந்தது. மரகதம் சோற்றைத் தள்ளிவிட்டுக் கீரையைத் தின்றாள். சந்திரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாரப் பரிசோதனையில் ஸ்வர்ணா புருவத்தைச் சுருக்கினார். “ரத்தம் கெட்டியாயிட்டு வருது. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“நான்தான் மேடம் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாளும் விடல” என்றான் பழனிச்சாமி.

“கீரை?”

“தொடறதே இல்லீங்க,” என்றாள் மரகதம். பொய் சொல்லும்போது தடுமாறும் என்று நினைத்திருந்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

ஸ்வர்ணா சீட்டில் நாலு என்றிருந்ததைப் பேனாவால் அடித்தார். “கர்ப்பத்துல சில பேருக்கு இப்படி ஆகும். உடம்பு மாறுது. மாத்திரையை அஞ்சாக்கறேன். வேற வழி இல்லை.”

இப்படி ஒன்று நடக்கும் என்று மரகதம் எதிர்பார்க்கவில்லை. கீரை ரத்தத்தைக் கெட்டியாக்கும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், கூட்டின மாத்திரை பிள்ளையின் வாட்ச்மேனை இன்னும் இறுக்கிக் கட்டும். அப்படியானால் பிள்ளைக்கு இன்னும் கீரை வேண்டும். அன்றைக்குச் சந்திரம்மாவின் டப்பாவைச் சுரண்டித் தின்றுவிட்டு, “அக்கா, நாளைக்குக் கொஞ்சம் கூடவே” என்றாள்.

இரண்டாவது வாரம் மாத்திரை ஆறு ஆனது. “ஏன்னே புரியலை” என்று ஸ்வர்ணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழனிச்சாமியைப் பார்த்து, “இதுக்கு மேல கூட்டினா குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. கூட்டலைன்னா இவங்களுக்கு ஆபத்து. இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க” என்றார். அவன் சுவரில் தொங்கிய இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் நாள் முந்திக்கொண்டு சொன்னவன் இப்போது ஏன் பேசவில்லை என்று மரகதம் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

அவள் மாட்டிக்கொண்டுவிட்டாள். இன்றைக்குக் கீரையை நிறுத்தினால் ஆறு மில்லிகிராமும் தடையில்லாமல் பிள்ளைமேல் இறங்கும். நிறுத்தாவிட்டால் வால்வில் ரத்தம் கட்டும். டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகலாம், ஆனால் சொன்ன கையோடு இவளை நம்ப முடியாது, கலைத்துவிடலாம் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. தையல் மெஷின்கள் இரைகிற அந்த ஹாலில் நூல் வெட்டிக்கொண்டே அவள் அழுதாள். சந்திரம்மா மசக்கை அழுகை என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவரை தாங்கு என்று மரகதம் தன் நெஞ்சுக்குச் சொன்னாள்.

நெஞ்சு தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மூச்சு பாதியில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தால் சரியாகும் என்று உட்கார்ந்தாள், சரியாகவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் முங்கியதுபோல இருந்தது. பழனிச்சாமி ஓடி வந்து அவளை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டான். பிறகு ஏதோ தோன்றியவனாக அவள் நெஞ்சில் காதை வைத்தான். நாளெல்லாம் இரும்பு கடைகிற சத்தத்தில் கிடப்பவன், எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்பதைக் காதாலேயே சொல்பவன். அவன் தலையைத் தூக்கியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“சத்தம் வரல,” என்றான். “மரகதம், டிக் டிக் கேக்கல.”

ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அவன் அவளுடைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை அவனே தள்ளினான். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஸ்வர்ணா வந்துவிட்டார். மார்பில் பசையைத் தடவி எக்கோ பார்த்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

“வால்வுல இருக்கற ரெண்டு கதவுல ஒண்ணு திறக்கவே இல்லை. இன்னொண்ணு பாதி திறக்குது.” ஸ்வர்ணா குனிந்து மரகதத்தின் முகத்துக்கு நேராகப் பேசினார். “ஆறு மில்லிகிராம் மாத்திரையில இப்படி ரத்தம் கட்டாது. அப்போ வேற என்னமோ இருக்கு. வால்வே கெட்டுப்போயிருக்கலாம், அதுல சதை வளர்ந்திருக்கலாம். அப்படின்னா இப்பவே மறுபடி நெஞ்சைத் திறக்கணும். இந்த நிலைமையில திறந்தா நீங்க பொழைக்கறது கஷ்டம். புது ரத்தக் கட்டுன்னு உறுதியாத் தெரிஞ்சா மருந்து ஏத்திக் கரைச்சுடலாம். எனக்கு உண்மை தெரியணும் மரகதம். என்ன சாப்பிட்டீங்க?”

மரகதம் வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது, சொல் வரவில்லை. சொல்லிவிட்டால் பிள்ளை போய்விடும் என்ற பயம் அந்தச் சாகிற நேரத்திலும் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கீரை தின்னா மேடம்.” சொன்னது பழனிச்சாமி. “முருங்கைக்கீரை. தினமும், டப்பா டப்பாவா. கார்மென்ட்ஸ்ல.”

ஸ்வர்ணா நிமிர்ந்தார். மரகதம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு எப்போ தெரியும்?” என்றார் ஸ்வர்ணா.

“முத வாரமே தெரியுங்க. இவ கூட வேலை பார்க்கற சந்திரம்மாவைச் சந்தையில பார்த்தேன். உன் பொண்டாட்டிக்குக் கீரைன்னா உசிருன்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

“தெரிஞ்சுகிட்டா என் முன்னாடி வந்து நின்னீங்க? நான் மாத்திரையைக் கூட்டக் கூட்ட, வாயை மூடிக்கிட்டு?”

“புள்ள வேணும்னு இருந்துச்சு மேடம். வேணாம் வேணாம்னு சொன்னேன். ஆனா இவ கீரை திங்கறான்னு தெரிஞ்சதும்... ஒருவேளை இவ நினைக்கற மாதிரியே ரெண்டு பேரும் தப்பிச்சுடுவாங்களோன்னு. நானும் ஒரு மாசந்தானேன்னு நினைச்சேன்.”

ஸ்வர்ணா எக்கோ கருவியைத் தட்டென்று வைத்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிட்டீங்க,” என்றார். அடுத்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னார். “ரத்தக் கட்டைக் கரைக்கற மருந்து இது. உள்ளே எங்க வேணும்னாலும் ரத்தம் கசியலாம். குழந்தை கலைஞ்சாலும் கலையலாம். கையெழுத்துப் போடுங்க.” பழனிச்சாமி போட்டான்.

மரகதத்துக்கு மூச்சுக்கு நடுவே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நீ வேணும், வேற ஒண்ணும் வேணாம் என்று சொன்ன வாய் இது. அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவள் இத்தனை நாள் தைரியமாக அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். தான் தவறினாலும் பிடித்து நிறுத்த ஒருத்தன் இருக்கிறான் என்று நம்பினாள். அவனோ அவள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழவும் மூச்சு வேண்டுமே என்று ஆத்திரப்பட்டாள்.

மருந்து நரம்பில் இறங்கியது. ஒரு பகலும் இன்னொரு பகலுமாக இறங்கிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது. குழந்தையும் விழவில்லை. ஸ்வர்ணா சந்தோஷப்படவில்லை. “உயிரோட இருக்கு. எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அஞ்சு, ஆறுன்னு நான் குடுத்ததெல்லாம் சரியா அந்த மாசத்துலதான் போயிருக்கு. மூக்கு உருவாகற நேரத்துல” என்றார். கேஸ் சீட்டை மூடிவிட்டு, “இதெல்லாம் இல்லாம நாலுலயே இருந்திருந்தா ஒருவேளை ஒண்ணும் ஆகாமலே இருந்திருக்கும். ஆகியும் இருக்கலாம். சொல்ல முடியாது” என்றார். அந்தச் சொல்ல முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் மரகதம் மிச்ச மாசங்களை ஓட்டினாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே தட்டுமுட்டுச் சாமான்களைப் புழங்கினார்கள். பேச்சு மட்டும் தேவைக்கு மேல் போகவில்லை. சாயங்காலம் மாத்திரையை அவள் இப்போதும் அவன் முன்னால்தான் போட்டுக்கொண்டாள். அவன் இப்போது அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்பினான். அவள் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சோதனை போட அவனுக்குத்தான் என்ன யோக்கியதை இருக்கிறது? சந்திரம்மா விஷயம் கேள்விப்பட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டு முருங்கைக் கிளைகளைத் தரையோடு வெட்டிப் போட்டாள் என்று சொன்னார்கள்.

மாசி மாதத்தில் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. முடி அடர்த்தி. நல்ல கை, நல்ல கால். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கண்ணுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தியதுபோலப் பள்ளம், அதற்குக் கீழே ஊசி நுழைகிற அளவுக்கு இரண்டு துவாரம். எக்ஸ்ரேயில் குதிகாலிலும் முதுகிலும் கோதுமை ரவை சிதறினதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன. புள்ளிகள் நாள்பட மறையும், மூக்கு அப்படியேதான் இருக்கும் என்றார் குழந்தை டாக்டர்.

அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய கவலை. இப்போதைய கவலை மூச்சு. பிறந்த குழந்தைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, அழும்போது மட்டும்தான் வாய் வழியாகக் காற்று போகும். அழுதால் இளஞ்சிவப்பாக இருந்தாள், அழுகை ஓய்ந்து வாயை மூடினால் உதடு நீலமானது. வாயில் வைக்கிற சின்னக் குழாய் இந்த அளவில் இங்கே இல்லை, குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வர ஆள் போயிருக்கிறான், அதுவரை வாயை மூட விடாதீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். சுண்டுவிரலை நன்றாகக் கழுவிக் குழந்தையின் கடைவாயில் லேசாக வைத்துக் காட்டினாள். வார்டில் அன்றைக்கு அவள் ஒருத்திதான். காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

மரகதம் விரலை வைத்துக்கொண்டாள். தையல் போட்ட வயிறு தீயாக எரிந்தது. ஒருக்களித்தபடி கையைத் தூக்கியே வைத்திருந்ததில் தோள் மரத்துப் போனது. ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குழாய் வாங்கப் போனவன் வரவில்லை.

“குடு, நான் வச்சுக்கறேன்,” என்றான் பழனிச்சாமி.

“வேணாம்.”

“கை நடுங்குது உனக்கு.”

“நடுங்கட்டும். நீங்க பாத்துக்கிட்டே நிப்பீங்க. அதுதான் உங்களுக்குத் தெரியும்.”

எத்தனை மாசமாக உள்ளே கிடந்த சொல்! பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். பழனிச்சாமியின் முகம் சுருங்கியது. “நீ மட்டும் என்னவாம்?” என்றான் அடிக்குரலில். “என் கண்ணு முன்னாடி மாத்திரையைக் காட்டிட்டு, அங்க போயி...”

குழந்தை அழுகையை நிறுத்தியது. இரண்டு பேரும் சட்டென்று குனிந்தார்கள். விரல் இடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு போய் வந்தது. உதடு நீலமாகவில்லை. மரகதத்தின் கை இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது தானாக விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அம்மா இல்லை, அவன் பக்கத்து மனிதர்கள் தருமபுரியிலிருந்து வர நாளையாகும். இந்த உலகத்தில் அந்த விரலை வாங்கிக்கொள்ள இருந்தது இந்த ஓர் ஆள்தான். இவனை நம்புவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. செத்துப்போனாலும் விரலை இவனிடம்தான் கொடுத்துவிட்டுச் சாக வேண்டும்.

“கையைக் கழுவிட்டு வாங்க,” என்றாள்.

அவன் குழாயடியில் நெடுநேரம் தேய்த்தான். வந்து தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். சுண்டுவிரலே அந்த வாய்க்குப் பெரிதாக இருந்தது. நகத்தோரக் கருப்பு போயிருக்கவில்லை, தோல் வெளுக்கிற அளவுக்குத் தேய்த்திருந்தான். அவன் விரலை அவளே பிடித்து எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினாள். கண்ணை மூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள்.

விழித்தபோது வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. தூக்கிவாரிப் போட்டது. அவன் அதே இடத்தில், அதே முட்டியில் இருந்தான். ஒரு கை குழந்தையின் தலைக்கடியில், ஒரு விரல் வாயில். அழுதிருக்கிறான். கண்ணீரும் சளியும் மீசையில் வழிந்து காய்ந்திருந்தது, துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உதடு சிவப்பாக இருந்தது.

மரகதம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். மன்னித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. முகம் அசிங்கமாக இருந்தது, அதனால் துடைத்தாள். பிறகு கட்டிலருகில் இருந்த சொம்புத் தண்ணீரில் தன் கையைக் கழுவிக்கொண்டு, “எடுங்க, இப்ப நான் வச்சுக்கறேன்” என்றாள்.

“நீ முதல்ல வை,” என்றான் அவன். “அப்புறம் நான் எடுக்கறேன்.”

அவள் வைத்தாள். அவன் உடனே எடுக்கவில்லை. அந்தச் சின்ன வாயின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேருடைய விரல்களும் இருந்தன, நடுவே குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குழாய் வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை.